உணவு டிரெய்லர் கட்டத் திட்டமிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் ஆகிய ஊர்களிலும், உள்நாட்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் சொந்தமாக உணவு டிரெய்லர் கட்டி வியாபாரம் தொடங்க நினைக்கும் தமிழர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. பொதுவாக வண்ணமும் பெயர்ப்பலகையும் விலையும் முதலில் விசாரிக்கப்படுகின்றன. எடை, எரிவாயு, கழிவுநீர் ஆகியவற்றைப் பற்றி வண்டி பாதி கட்டி முடிந்த பிறகே கேட்கிறார்கள். இங்கே கேள்விகள் கட்டும் வேலையின் வரிசையில் அமைந்துள்ளன.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

என்ன விற்கப் போகிறீர்கள், மிக நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும் என்ற இரண்டையும் தீர்மானியுங்கள். வண்டியின் நீளம், அடுப்புகளின் எண்ணிக்கை, தண்ணீர்த் தொட்டி, எரிவாயு ஆகிய எல்லாம் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

பன்னி சௌ விற்பவரையும் தோசை விற்பவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னி சௌவுக்கான கறி காலையிலேயே கொதித்து முடிந்துவிடுகிறது. வெள்ளை ரொட்டியைக் குறுக்கே வெட்டி, நடுவிலுள்ள மென்பகுதியை ஒரே துண்டாகப் பிடுங்கி எடுத்து, குழியில் கறியை ஊற்றி, பிடுங்கிய துண்டை மேலே வைத்து, காகிதத்தில் சுற்றி, பக்கத்தில் கேரட் வெங்காயச் சம்பலை வைத்துக் கொடுக்கப் பழகிய கைக்கு ஒரு நிமிடம் போதும். ஆகவே அந்த வண்டிக்குப் பெரிய அடுப்பு வேண்டியதில்லை. கறியைச் சூடாக வைத்திருக்கும் வெந்நீர்த் தட்டு அமைப்பும், எடை குறைவாக இருந்தாலும் இடத்தை அடைத்துக்கொள்ளும் ரொட்டிகளுக்கான அடுக்குகளும், அகலமான ஒரு வெட்டுப்பலகையும் வேண்டும். தோசைக்கோ எல்லா வேலையும் வாடிக்கையாளரின் கண்ணெதிரே நடக்கிறது. 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கல்லில் ஒரே நேரத்தில் மூன்று தோசை வார்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டால், இடைவிடாமல் வேலை செய்தாலும் ஒரு மணி நேரத்தில் 72 தோசைக்கு மேல் வராது. மதிய இடைவேளையில் ஒரு தொழிற்சாலை வாசலில் நிற்கப் போகிறவர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் கல்லின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது.

உணவுப் பட்டியலைச் சுருக்கமாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பன்னி சௌ, தோசை, பிரியாணி, சமோசா, மிளகாய் பஜ்ஜி, பர்கர் என எல்லாவற்றையும் ஒரே வண்டியில் வைக்க விரும்புகிறவர், நான்கு வகையான அடுப்புகளையும் அவற்றின் எடையையும் இழுத்துக்கொண்டு திரிய வேண்டியிருக்கும்.

டிரெய்லர் நல்லதா, தானே ஓடும் டிரக் நல்லதா?

வீட்டில் ஏற்கெனவே இழுக்கும் திறனுள்ள ஒரு பக்கி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) இருந்தால் பெரும்பாலோருக்கு டிரெய்லரே ஏற்றது. பக்கி பழுதானால் இன்னொருவருடைய பக்கியைப் பூட்டி அன்றைய வியாபாரத்துக்குப் போய்விடலாம். டிரக்கின் எஞ்சின் பழுதானால் சமையலறையும் சேர்ந்து பட்டறையில் படுத்துவிடும். டிரெய்லரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, தீர்ந்துபோன ரொட்டியை வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போகவும் முடியும். ஆனால் ஒரே நாளில் மூன்று நான்கு இடங்களுக்கு மாறுகிறவர்களுக்கும், நெருக்கமான தெருக்களில் பின்னோக்கி ஓட்ட வேண்டியவர்களுக்கும் டிரக்கே வசதி. டிரக்கின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால் அதற்குரிய உயர்வகை ஓட்டுநர் உரிமமும் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் தேவைப்படும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் உரிமத்தை வைத்து எவ்வளவு பெரிய டிரெய்லரை இழுக்கலாம்?

பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தென்னாப்பிரிக்காவில் சாதாரண கார் உரிமமான ‘பி’ வகை உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்படாத டிரெய்லரை மட்டுமே இழுக்கலாம். அதற்கு மேற்பட்டால் ‘இபி’ வகை உரிமம் வேண்டும். இங்கே மொத்த எடை என்பது சுமையுடன் சேர்த்து அந்த டிரெய்லருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடையாகும். அன்று வண்டி காலியாகப் போகிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

750 கிலோ என்ற எல்லைக்குள் முழுச் சமையலறையை அடக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. 19 கிலோ எரிவாயு உருளைகள் இரண்டு, இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ. குளிர்பெட்டி 80 கிலோ, கல்லும் பொரிப்பானும் 60 கிலோ, ஜெனரேட்டர் 50 கிலோ, 20 லிட்டர் எண்ணெய் 18 கிலோ, இறைச்சியும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் பாத்திரங்களும் 120 கிலோ என்று வைத்துக்கொண்டால், கூடு, தரை, அச்சு, சக்கரம் எதையும் சேர்க்காமலேயே 500 கிலோவைத் தாண்டிவிடுகிறது. எனவே சமையல் வண்டி என்றால் பெரும்பாலும் 1,500 கிலோ அளவிலான டிரெய்லரையே நினைத்துக்கொள்ள வேண்டும். காப்பி, கரும்புச்சாறு, வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் உணவு ஆகியவற்றுக்கு மட்டுமே 750 கிலோ வண்டி போதும்.

750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும்போது இணைப்புத் தண்டு உள்ளே அழுந்தி இயங்கும் பிரேக் அமைப்பே இங்கே வழக்கம். ஆனால் டிரெய்லரின் மொத்த எடை இழுக்கும் வண்டியின் வெற்று எடையைத் தாண்டினால் அது போதாது. சிறிய பக்கியில் பெரிய டிரெய்லரைப் பூட்ட நினைப்பவர், வாங்குவதற்கு முன்பே இரண்டு வண்டிகளின் தகட்டில் உள்ள எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டி உற்பத்தியாளர் குறிப்பிட்டுள்ள இழுப்பு எல்லையும் தனியாக உண்டு. இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் மொத்த எடையைப் போலவே முக்கியம். இழுக்கும் வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்புக் குமிழின் மீது மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை அமர வேண்டும். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும்; என்2 சாலையில் மலைச்சரிவில் இறங்கும்போது அந்த ஆட்டத்தை நிறுத்துவது யாருக்கும் எளிதல்ல. ஆகவே தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். தொட்டி நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் சமநிலை மாறாது.

உள்ளளவுகளை எப்படித் திட்டமிடுவது?

சாலையில் செல்லும் டிரெய்லரின் அகலம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புப் பலகையும் வெயில்மறைப்பும் பூட்டிய நிலையில் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். சுவர்களின் தடிமனும் இருபுற மேசைகளும் போக, நடுவில் நடைவழிக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர் வரை மீந்தால், ஒருவர் கொதிக்கும் சட்டியுடன் திரும்பும்போது மற்றவர் முதுகில் இடிக்காது.

சுவர்களைத் தகட்டில் வெட்டுவதற்கு முன், வீட்டு வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரைந்து, அட்டைப்பெட்டிகளை மேசைகளாக வைத்து, வேலை செய்யப் போகிற இருவரும் உள்ளே நின்று ஒரு தோசையை வார்த்து, மடித்து, தட்டில் வைத்து, காசு வாங்கி, மீதி கொடுப்பது வரை நடித்துப் பாருங்கள். யார் யாரைக் கடந்து போக வேண்டியிருக்கிறது என்பது அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் உடனே தெரிந்துவிடும். காசு வாங்குகிறவர் அடுப்பைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தால் அமைப்பு தவறு.

பரிமாறும் சன்னலின் உயரத்தில்தான் தவறுகள் மிகுதி. டிரெய்லரின் தரை நிலத்திலிருந்து அரை மீட்டருக்கு மேல் இருக்கும். அதன் மேல் 90 சென்டிமீட்டர் உயர மேசை என்றால், வெளியே நிற்பவருக்கு அது 1.4 மீட்டருக்கு மேல், அதாவது பலருக்குத் தோள் உயரத்தில் வந்துவிடும். வயதான பாட்டி ஒருவர் கால் எக்கிக் கறியை வாங்கும் நிலை வரக் கூடாது. தாழ்த்தி வளைத்த அச்சையும் சிறிய சக்கரங்களையும் பயன்படுத்தித் தரையை இறக்கலாம். அல்லது சன்னலுக்கு வெளியே தாழ்வான ஒரு மடிப்புப் பலகையை வைத்து அங்கே பொட்டலத்தை இறக்கி வைக்கலாம்.

யாரிடம் கட்டச் சொல்வது? நானே கட்டலாமா?

டிரெய்லர் கட்டித் தரும் பட்டறை, தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி (1996ஆம் ஆண்டின் 93ஆம் சட்டம்) வாகனம் கட்டுபவராகப் பதிவு பெற்றிருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பதிவு பெற்ற பட்டறை கட்டிய வண்டிக்கு உரிய தாள்கள் எளிதாகக் கிடைக்கும். வீட்டுக் கொல்லையில் வெல்டிங் தெரிந்த மாமா ஒருவர் கட்டித் தந்த வண்டிக்கு, எடைமேடைச் சான்று, காவல்துறை ஒப்புதல், சாலைத் தகுதிச் சோதனை என்று அலைந்து முடிக்கும் வரை நம்பர் பலகை கிடைக்காது. உள்ளே உள்ள மேசை, அடுக்கு, தட்டு ஆகியவற்றைத் தாராளமாகச் சொந்தமாகச் செய்துகொள்ளுங்கள். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), அச்சு, பிரேக், இணைப்பு ஆகியவற்றில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

எந்தப் பொருளால் கட்டுவது?

டர்பனில் பதில் கடற்காற்றைப் பொறுத்தது. வெறும் இரும்புக்குப் பெயிண்ட் அடித்துவிட்டால் போதும் என்று நினைத்தால், வெல்டிங் இணைப்புகளில் சீக்கிரமே துரு பூக்கும். முழுச் சேசிஸையும் வெல்டிங் முடிந்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த வண்டியே கடற்கரை ஊர்களில் நிலைக்கும். முன்பே துத்தநாகம் பூசிய குழாய்களை வாங்கி வெல்டிங் செய்தால், சுடர் பட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோய், காப்பு மிகவும் வேண்டிய இடத்திலேயே இல்லாமல் போகும்.

சுவர்களுக்கு நடுவில் வெப்பத்தடுப்பு நுரை வைத்த அடுக்குப்பலகை எடை குறைவானது. கோடை வெயிலில் உள்ளே நிற்பவருக்கும் ஆறுதல். ஆனால் அடுப்புக்குப் பின்னால் அந்தப் பலகையை நேராக வைக்கக் கூடாது. எரியாத தடுப்பும் காற்று இடைவெளியும் அதன் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் வேண்டும். உணவு படும் பரப்புகளுக்கு 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். மலிவான 430 வகை உள்ளே தாங்கும். உப்புக்காற்று நேரே படும் வெளிப்பலகையில் கறை பிடிக்கும். காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நயம் என்று சொல்வார்கள்; அதை முழுதும் நம்ப வேண்டாம், ஏனெனில் வளைத்த இடங்களில் 304 தகடும் சற்றே காந்தத்தை இழுக்கும். பட்டியலில் வகையின் எண்ணை எழுதி வாங்குவதே உறுதி.

அலுமினியத் தகட்டை இரும்பு ஆணியால் அறைவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

சுகாதாரச் சான்றிதழுக்கு என்ன வேண்டும்?

2018 ஜூன் 22 அன்று வெளியான ஆர் 638 என்ற ஒழுங்குவிதிகளே அடிப்படை. 1972ஆம் ஆண்டின் உணவுப்பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த இந்த விதிகளின்படி, உணவு கையாளும் எந்த இடமும், உங்கள் டிரெய்லர் உட்பட, உள்ளூராட்சியின் ஏற்புச் சான்றிதழ் இல்லாமல் இயங்க முடியாது. டர்பனில் அதைத் தருவது இதெக்வினி மாநகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. விண்ணப்பித்த பிறகு அதிகாரி நேரில் வந்து பார்த்தே சான்றிதழ் தருவார். சான்றிதழ் ஆளுக்கும் இடத்துக்கும் உரியது. விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கு அது மாறாது.

அதிகாரி பார்ப்பவை பெரும்பாலும் இவை: கழுவித் துடைக்கக்கூடிய வழவழப்பான, நீர் உறிஞ்சாத பரப்புகள், பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து தனியாகக் கை கழுவும் தொட்டி, அதில் சுடுநீரும் குளிர்ந்த நீரும், சோப்பும் ஒருமுறை பயன்படுத்தும் துண்டும், பூச்சி புகாத மூடல், மூடியுள்ள குப்பைத்தொட்டி, கழிவுநீரை அகற்றும் முறை, வேலையாட்களுக்குக் கழிவறை வசதி. கடைசியாகச் சொன்னது டிரெய்லருக்குள் இருக்க முடியாது என்பதால், நிறுத்தும் இடத்திலோ அருகிலோ எந்தக் கழிவறையைப் பயன்படுத்துவீர்கள் என்பதற்கு எழுத்து மூலமான பதில் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பொறுப்பாளர் உணவுப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் விதி. சூடாக வைத்திருக்கும் உணவு 60 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆகவே ஊசி வெப்பமானி ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு, தகடு வெட்டுவதற்கு முன்பே சுகாதார அலுவலகத்துக்குப் போங்கள். கை கழுவும் தொட்டியை எங்கே வைக்க வேண்டும் என்பதை அதிகாரி பென்சிலால் குறித்துக் காட்டினால் செலவே இல்லை; கட்டி முடித்த பிறகு குறித்தால் மேசையை அறுக்க வேண்டியிருக்கும். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பல மாநிலங்களில் குழந்தைகள் உணவு நஞ்சேறி இறந்த பிறகு, சிறு உணவு வியாபாரங்களைப் பதிவு செய்யவும் சோதிக்கவும் அரசே நாடு முழுவதும் உத்தரவிட்டது. அன்று முதல் இந்தத் தாள்களை யாரும் சடங்காக எடுத்துக்கொள்வதில்லை.

நல்ல தண்ணீர், கழிவுநீர்த் தொட்டிகளை எப்படி அமைப்பது?

கழிவுநீர்த் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கட்டும். பாத்திரத்தில் ஒட்டியிருந்த கறியும் உருகிய பனிக்கட்டியும் அதில்தான் வந்து சேரும். மழைநீர் வடிகாலில் அதைக் கொட்டுவது குற்றம். டர்பனில் அந்த வடிகால்கள் கடலுக்கும் ஆறுகளுக்கும் போகின்றன. எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் ஒரு கொழுப்புத் தடுப்பி வைத்தால், குழாய் அடைப்பில்லாமல் ஓடும். இரண்டு தொட்டிகளின் குழாய் வாய்களையும் வேறு வேறு அளவில் வைப்பது நல்ல பழக்கம். அவசரத்தில் நல்ல தண்ணீர்க் குழாயைக் கழிவுநீர் வாயில் யாரும் செருக முடியாது.

எரிவாயு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படிந்து, சிறு பொறி கிடைக்கும் வரை காத்திருக்கும். எரிவாயு அமைப்பின் விதிகள் எல்லாம் இந்த ஒரு குணத்தை ஒட்டியே எழுதப்பட்டவை. உருளைகளை உட்புறம் அடைபட்ட, வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனி அறையில் அல்லது முன்பக்கத் தண்டின் மேல் நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். அந்த அறையின் அடியில் வெளியே திறக்கும் துளைகள் வேண்டும். சமையல் பகுதியிலும் தரையை ஒட்டிய காற்றுவழிகள் வேண்டும். குளிர்காலத்தில் கால் குளிர்கிறது என்று அந்தத் துளைகளைத் துணியால் அடைக்கிறார்கள்; அது மிகவும் ஆபத்தானது.

நகரும் வண்டிகளில் எல்பிஜி பொருத்துவதற்குத் தென்னாப்பிரிக்கத் தரநிலை சான்ஸ் 10087இன் இரண்டாம் பகுதி பொருந்தும். பதிவு பெற்ற எரிவாயுப் பொருத்துநர் வேலையை முடித்து, அழுத்தச் சோதனை செய்து, இணக்கச் சான்றிதழ் தருவார். 2009ஆம் ஆண்டின் அழுத்தக் கருவி விதிகளின்படி, அமைப்பில் மாற்றம் செய்தாலோ வண்டி கை மாறினாலோ புதிய சான்றிதழ் வேண்டும். திருவிழா மைதானத்தில் தீயணைப்பு அதிகாரி முதலில் கேட்பது அநேகமாக இந்தத் தாளைத்தான்.

எவ்வளவு எரிவாயு எடுத்துப் போவது என்பதை இப்படிக் கணக்கிடலாம். ஒரு கிலோ எல்பிஜியிலிருந்து ஏறக்குறைய 13 கிலோவாட்-மணி வெப்பம் கிடைக்கும். அடுப்பு, கல், பொரிப்பான் எல்லாம் சேர்ந்து 25 கிலோவாட் என்றால், முழு வேகத்தில் மணிக்கு இரண்டு கிலோ எரியும். ஆறு மணி நேரத்துக்கு 12 கிலோ. 19 கிலோ உருளை ஒன்று ஒரு நாளைத் தாங்கும்; இன்னொன்று கையிருப்பு. 9 கிலோ உருளை ஒன்றிலிருந்தே இவ்வளவையும் இழுத்தால், திரவம் ஆவியாகும் வேகத்தில் உருளையின் வெளிப்புறம் பனிபூத்து அழுத்தம் இறங்கிவிடும். உள்ளே வாயு மீதி இருக்கும்போதே சுடர் சுருங்கும். அப்போது உருளையின் மேல் வெந்நீர் ஊற்றுகிறார்கள். அதற்குப் பதிலாக இரண்டு உருளைகளைத் தானே மாறும் வால்வில் இணைப்பதுதான் முறை. வண்டி ஓடும்போது உருளையின் வால்வு மூடியிருக்க வேண்டும். அடுப்புத் திருகை மட்டும் மூடுவது போதாது.

புகையையும் தீயையும் எப்படிச் சமாளிப்பது?

அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டு அடுப்பின் எல்லையைவிட எல்லாப் பக்கமும் சற்று நீண்டிருக்க வேண்டும்; கழற்றிக் கழுவக்கூடிய கொழுப்பு வடிகட்டியும் வேண்டும். விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான புதிய காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய விசிறியும் புகையை இழுக்காது. கொதிக்கும் எண்ணெயில் பற்றிய தீக்குத் தண்ணீரை ஊற்றவே கூடாது. சமையல் எண்ணெய்த் தீக்கான ‘எஃப்’ வகை ஈர வேதிப்பொருள் அணைப்பான் ஒன்றும், பொதுவான உலர்தூள் அணைப்பான் ஒன்றும், தீப்போர்வையும் கதவுக்கு அருகில் இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தீக்குள் கை நீட்டித்தான் அதை எடுக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் போதுமா?

வெப்பத்துக்கு எரிவாயு, குளிருக்கும் வெளிச்சத்துக்கும் மின்சாரம் என்று பிரித்துக்கொண்டால் தேவை மிகவும் குறையும். ஒரு மின்கெட்டில் மட்டும் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். குளிர்பெட்டி, எல்இடி விளக்குகள், விசிறி, கார்டு இயந்திரம் எல்லாம் சேர்ந்தாலும் சராசரியாக 220 வாட்டுக்குள் அடங்கலாம். 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் 2.5 கிலோவாட்-மணி தரும். அந்தச் சராசரிக்கு ஒரு முழு நாள் வியாபாரத்துக்குப் போதும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இங்கே வீடுதோறும் இன்வெர்ட்டர் பழகிவிட்டதால், இதைப் பொருத்தத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

ஜெனரேட்டர் வைப்பதானால் அதை டிரெய்லருக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. சத்தமும் ஒரு பிரச்சினை: கோயில் வளாகத்தில் பஜனை நடக்கும்போது இரைச்சலிடும் வண்டியை அடுத்த ஆண்டு யாரும் அழைக்கமாட்டார்கள். வெளி மின்சாரத்தில் இணைக்கும் வண்டிக்கு 30 மில்லியாம்பியர் நிலக்கசிவுத் துண்டிப்பான், அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி, கட்டாயம் இருக்கட்டும். ஈரத்தரையில் உலோக வண்டிக்குள் நிற்பவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சைவம், அசைவம், ஹலால் ஆகியவற்றை ஒரே வண்டியில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அதைக் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். காவடிக்கும், ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும், புரட்டாசிக்கும் நம்மவர் பலர் அசைவம் தொடமாட்டார்கள். ஒரே எண்ணெயில் சமோசாவும் கோழியும் பொரித்தால், எத்தனை பலகை எழுதி மாட்டினாலும் அவர்கள் வாங்கமாட்டார்கள். இரு தனிப் பொரிப்புத் தொட்டிகள், வெவ்வேறு நிறப் பிடியுள்ள கத்திகள், குளிர்பெட்டியில் மேல்தட்டில் சைவமும் கீழ்த்தட்டில் பச்சை இறைச்சியும் என்பது குறைந்தபட்ச ஏற்பாடு. கோயில் விழாக்களே முக்கிய வருமானம் என்றால் வண்டியை முழுச் சைவமாகவே கட்டிவிடுவதை நான் பரிந்துரைப்பேன். பாதி இடமும் பாதிப் பாத்திரமும் மிச்சமாகும். டர்பனில் முஸ்லிம் வாடிக்கையாளர்களும் மிகுதி. ஹலால் என்று பலகையில் எழுதுவதானால், சான்றளிக்கும் அமைப்பின் நிபந்தனைகளை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

எங்கே நிறுத்தி விற்கலாம்?

1991ஆம் ஆண்டின் வணிகச் சட்டத்தின்படி (71ஆம் சட்டம்) சமைத்த உணவோ கெட்டுப்போகும் உணவோ விற்க உள்ளூராட்சியின் வணிக உரிமம் வேண்டும். பொதுச்சாலையோரமும் கடற்கரையும் மாநகராட்சியின் தெரு வியாபார விதிகளுக்கு உட்பட்டவை. குறித்த இடத்துக்கு அனுமதி பெறாமல் நிற்க முடியாது. தனியார் நிலம், அதாவது பெட்ரோல் நிலைய முற்றம், கட்டடப் பொருள் கடையின் வாகன நிறுத்தம், கோயில் வளாகம் போன்றவை, உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவோடு எளிதாகக் கிடைக்கும். டர்பனில் சான்று பெற்ற வண்டியைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக் கொண்டுபோகுமுன் அங்குள்ள உள்ளூராட்சியிடமும் கேட்க வேண்டும். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலின் புனித வெள்ளி விழா போன்ற பெருங்கூட்டங்களுக்கு, ஏற்பாட்டாளர்களிடம் வெகு முன்பே இடம் பேசி வையுங்கள்.

பழைய வண்டியை வாங்கினால் மிச்சமாகுமா?

கூடு நன்றாக இருந்தால் மிச்சமாகும். ஆனால் சுகாதாரச் சான்றையும் எரிவாயுச் சான்றையும் உங்கள் பெயரில் புதிதாகப் பெற வேண்டும் என்பதால், அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். தரைவிரிப்பைத் தூக்கி மரப்பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் அழுகல். பதிவுத் தாளில் உள்ள எண்ணும் சேசிஸில் பொறித்த எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் வரைபடம், பொருள்களின் வகை எண்கள், மொத்த எடை, தரப்படும் தாள்கள் ஆகியவற்றை எழுதி, சேசிஸ் முடிந்ததும் ஒரு பங்கு, கூடு முடிந்ததும் ஒரு பங்கு, பதிவும் எரிவாயுச் சான்றும் கைக்கு வந்ததும் கடைசிப் பங்கு என்று பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் போய்ப் பாருங்கள். உள்பக்கத் தகடு அறைந்த பிறகு பின்னால் உள்ள குழாயும் கம்பியும் தெரியாது, ஆகவே அதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பழுது பார்ப்பவருக்கு அந்தப் படங்கள் பெரும் உதவி.

காப்பீடு வேண்டுமா?

வேண்டும். வண்டிக்கும் உள்ளே உள்ள கருவிகளுக்கும் வாடிக்கையாளருக்கு ஏற்படும் பாதிப்புக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இழுக்கும் பக்கியின் காப்பீடு இவற்றையும் உள்ளடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

திறப்பு விழாவுக்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

தண்ணீர், எரிவாயு, சாமான் எல்லாவற்றையும் ஏற்றி, முழுச் சுமையுடன் எடைமேடைக்குப் போய் அச்சின் எடையையும் குமிழின் மேலுள்ள எடையையும் தனித்தனியாக எடுங்கள். பிறகு மேடுபள்ளமான சாலையில் சற்று நேரம் ஓட்டி வந்து, எரிவாயு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்குங்கள். அடுக்குகளின் தாழ்ப்பாள் எதுவும் திறந்துகொண்டதா என்று கவனியுங்கள். அடுத்து உறவினர்களை வீட்டு முற்றத்துக்கு அழைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கச் சொல்லி, எல்லா அடுப்பும் விசிறியும் விளக்கும் ஓடும் நிலையில் பரிமாறுங்கள். சித்தி கேட்ட சைவப் பன்னி சௌ எத்தனை நிமிடத்தில் சன்னலுக்கு வந்தது, கழிவுநீர்த் தொட்டி எவ்வளவு நிறைந்தது, மின்கலத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையெல்லாம் ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கட்டும். அந்தத் தாளில் வரும் குறைகளைப் பட்டறைக்காரரிடம் காட்டிச் சரிசெய்து முடித்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.